சிவப்புக் கட்டம் யாருடையது?



நம் தமிழ்ப்பள்ளிகளில் விரிதாள் நுழையாத வேலை என்று இன்று ஒன்று உண்டா? வருகைப் பதிவு, வகுப்புசார் மதிப்பீட்டின் அடைவுநிலை, பாடநூல் இரவல், உணவுத் திட்டப் பெயர்ப்பட்டியல், விளையாட்டு இல்லங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா என எதைத் தொட்டாலும் ஓர் எக்செல் கோப்பு வந்து நிற்கிறது. அந்தக் கோப்புகளை நாம் எவ்வளவு அழகுபடுத்துகிறோம்! தலைப்புக்கு ஒரு நிறம், வரிசை விட்டு வரிசை இளநீலம், பின்தங்கிய பிள்ளைக்குச் சிவப்பு, முன்னேறி வருபவருக்கு மஞ்சள், சிறந்தோருக்குப் பச்சை. பிறகு ஒருநாள் புதிய தரவு உள்ளே வருகிறது. நிரல்களின் அகலம் குலைகிறது, நிறங்கள் தாறுமாறாகின்றன. மறுபடியும் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அகலம் குலைவதும் கோடுகள் மறைவதும் எரிச்சலூட்டுபவை, அவ்வளவுதான். நான் எழுத வந்தது நிறத்தைப் பற்றி. அழகுக்காகப் பூசிய நிறம் குலைந்தால் நமக்கு நேரம் வீணாகும். ஒரு பிள்ளையைப் பற்றிய முடிவைச் சொல்வதற்காகப் பூசிய நிறம் குலைந்தால் அந்த முடிவு வேறொரு பிள்ளையின்மேல் போய் விழும். தரவு புதுப்பிக்கப்படும்போது கலையக்கூடிய ஓர் அடையாளத்தில் எந்தப் பிள்ளையின் நிலையையும் எழுதிவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? தாளிலிருந்து வந்தது. மதிப்பெண் பதிவேட்டில் ஒரு பெயரின்கீழ் சிவப்பு மையால் கோடிட்டால் அந்தக் கோடு ஆண்டு முழுவதும் அந்தப் பெயரின் கீழேயே இருக்கும். தாளில் பெயர்கள் நகர்வதில்லை. கணினிக்கு மாறியபோது இந்த நம்பிக்கையையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம். மென்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. எக்செல் 2007 வெளிவரும்வரை ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ எனப்படும் நிபந்தனை வடிவூட்டத்தில் மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வைக்க இயலாது. அன்றைய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து தரங்கள். ஐந்து தரத்துக்கும் ஐந்து நிறம் வேண்டுமென்றால் கையால் பூசித்தான் ஆக வேண்டும். அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. மூன்று நிபந்தனை எனும் வரம்பு அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. கையால் பூசும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த வழக்கம் ஏன் இத்தனை காலம் பிழையாகத் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பட்டியலை நாமே அகரவரிசைப்படுத்தினால், கையால் பூசிய நிறம் அந்தப் பெயரோடு கூடவே நகர்கிறது. பத்தாம் வரிசையில் சிவப்பாக இருந்த பெயர் மூன்றாம் வரிசைக்குப் போனால் சிவப்பும் மூன்றாம் வரிசைக்குப் போகிறது. இதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர், “நிறம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. ஆனால் தரவு வெளியிலிருந்து வரும்போது நிலைமை வேறு. இன்னொரு கோப்பிலிருந்து ‘பவர் குவெரி’ மூலம் இழுத்துவரும் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, எக்செல் பழைய மதிப்புகளை எடுத்துவிட்டுப் புதிய மதிப்புகளை மேலிருந்து கீழாக நிரப்புகிறது. கையால் பூசிய நிறமோ கட்டத்தில் அப்படியே தங்கிவிடுகிறது. கூகள் விரிதாளில் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ வைத்து இன்னொரு தாளிலிருந்து பெயர்களை வரவழைத்தாலும் இதே கதைதான். மதிப்பு மட்டும் வரும், நிறம் வராது, இங்கே பூசிய நிறம் இங்கேயே நிற்கும்.

ஆக, மாற்றலாகி வந்த ஒரு மாணவரின் பெயர் அகரவரிசையில் மூன்றாவதாக நுழைந்தால், அதற்குக் கீழே உள்ள அத்தனை பெயர்களும் ஒரு வரிசை இறங்கும். சிவப்பு இறங்காது. ஏழாம் வரிசையிலிருந்த பிள்ளை எட்டாம் வரிசைக்குப் போய்விட, ஆறாம் வரிசையிலிருந்த பிள்ளை வந்து சிவப்பில் உட்கார்ந்துகொள்கிறது. கணினி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. கணினியைப் பொறுத்தவரை அங்கே பிழை ஏதும் நிகழவில்லை!

இது கற்பனைக் கவலை என்று யாரேனும் எண்ணலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் விரிதாள் வேலைக்கு உதவச் சென்றிருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. வாசிப்பில் பின்தங்கிய இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை மதிய வேளையில் குறைநீக்கல் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்து, “என் மகள் வீட்டில் தம்பிக்கே கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாளே ஐயா, இவளை ஏன் இந்த வகுப்பில் சேர்த்தீர்கள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, குழப்பத்தோடு கேட்டார். கோப்பைத் திறந்து பார்த்தோம். சிவப்பு ஒரு வரிசை பிசகியிருந்தது. ஆண்டுத் தொடக்கத்துக்குப்பின் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறது, பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, நிறம் பூசியவரோ அதற்குமுன்பே வேறு வகுப்புக்குப் பொறுப்பாகப் போய்விட்டார்.

அந்தத் தாயார் வந்தது நல்லதாயிற்று. என்னை உறுத்தியது வராத இன்னொரு தாயாரைப் பற்றிய எண்ணம். தவறாக அழைக்கப்பட்ட பிள்ளைக்குக் கேட்க ஆள் இருந்தது. அழைக்கப்பட்டிருக்க வேண்டிய பிள்ளைக்கு யார் கேட்பார்? பள்ளியிலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை என்றால் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றுதானே எந்தப் பெற்றோரும் நினைப்பர்? எழுத்துக்கூட்டத் தடுமாறிய அந்தப் பையன் ஏழு வாரங்கள் குறைநீக்கல் வகுப்புப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏழு வாரம் சிறிய காலமன்று.

சரி, என்ன செய்யலாம்?

எல்லாரும் முதலில் தேடி ஓடுவது எக்செலில் இருக்கும் ஒரு தெரிவுப்பெட்டியை. வெளித்தரவு அட்டவணைக்குள் ஒரு கட்டத்தைச் சொடுக்கி, ‘டேட்டா’ பட்டியில் ‘பிராப்பர்டீஸ்’ என்பதைத் திறந்தால் ‘பிரிசர்வ் செல் ஃபார்மேட்டிங்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தெரிவு செய்துவிட்டால் புதுப்பிக்கும்போது வடிவூட்டம் கலையாது என்பார்கள். உண்மைதான், கலையாது. ஆனால் அங்கே பாதுகாக்கப்படுவது எது என்று கவனியுங்கள். கட்டத்தின் வடிவம் பாதுகாக்கப்படுகிறது. ஏழாம் வரிசை சிவப்பென்றால் புதுப்பித்த பின்னும் ஏழாம் வரிசை சிவப்பு. அதில் இப்போது யார் இருக்கிறார் என்பது அந்தத் தெரிவுக்குத் தெரியாது. எண்களின் தசம இடம், எழுத்துரு, தேதியின் அமைப்பு போன்றவை நிரல் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் அவற்றுக்கு இந்தத் தெரிவு மிக நல்லது. தனி ஒரு பிள்ளையைக் குறிக்கும் நிறத்துக்கு இதுவே கேடாக முடிகிறது. வடிவூட்டம் அடியோடு அழிந்துபோனாலாவது நாம் விழித்துக்கொள்வோம். அழகாக, கலையாமல், தவறான இடத்தில் நிற்கும் நிறத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

அதே பெட்டியில் ‘அட்ஜஸ்ட் காலம் விட்த்’ என்பதும் இருக்கும். அதன் தெரிவை எடுத்துவிட்டால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் அகலம் மாறி, ஒரு பக்கத்தில் அச்சாக வேண்டியது இரண்டு பக்கமாவது நிற்கும். ‘பிவட் டேபிள்’ வைத்து வகுப்புவாரியாகத் தொகுப்பவர்கள், அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் ‘லேஅவுட் அண்ட் ஃபார்மேட்’ பக்கத்துக்குப் போனால், அகலத்துக்கு ஒன்றும் வடிவூட்டத்துக்கு ஒன்றுமாக இதே போன்ற இரண்டு தெரிவுகளைக் காணலாம். பிவட்டில் எண்களின் வடிவத்தைக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து மாற்றுவதைவிட ‘வேல்யூ ஃபீல்ட் செட்டிங்ஸ்’ வழியாக அமைப்பது நிலைத்து நிற்கும். இவை கைவேலை நுணுக்கங்கள். ஒரு தேநீர் நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. நிறத்தால் சொன்னதை எழுத்தால் சொல்ல வேண்டும். ‘குறைநீக்கல் தேவை’ என்பது ஒரு செய்தியென்றால் அதற்கென ஒரு நிரல் வேண்டும். அதில் ‘ஆம்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நிரல் தரவு பிறக்கும் மூலக் கோப்பிலேயே இருக்க வேண்டும். அடைவுநிலை 1 முதல் 6 வரை ஏற்கெனவே எண்ணாக இருக்கிறதே! அந்த எண்ணைப் பார்த்து நிறத்தைப் பூசும் வேலையை நிபந்தனை வடிவூட்டத்திடம் ஒப்படைத்துவிடலாம். அடைவுநிலை ‘எஃப்’ நிரலில் இருந்து, முதல் பெயர் இரண்டாம் வரிசையில் தொடங்கினால், =$எஃப்2<=2 என்ற ஒரே விதி போதும் (உங்கள் கோப்பில் இதை ஆங்கில எழுத்தில் இடுவீர்கள்). அட்டவணையின் எல்லா வரிசைகளுக்கும் பொருந்துமாறு அந்த விதியை அமைத்துவிட்டால், பிள்ளை எந்த வரிசைக்குப் போனாலும் அந்த வரிசை சிவக்கும். அடுத்த மதிப்பீட்டில் அவன் 3ஆம் நிலைக்கு ஏறினால் சிவப்பு தானாகவே நீங்கும். யாரும் போய் அழிக்க வேண்டியதில்லை. போன ஆண்டின் சிவப்பை இந்த ஆண்டும் சுமந்து திரியும் பிள்ளைகள் நம் கோப்புகளில் எத்தனை பேரோ!

வரிசை விட்டு வரிசை வரும் இளநீலத்துக்கும் கைப்பூச்சு தேவையில்லை. பட்டியலுக்குள் நின்றுகொண்டு கண்ட்ரோலையும் ‘டி’யையும் அழுத்தினால் அது முறையான அட்டவணையாகிவிடும். அந்தப் பட்டை நிறம் அட்டவணையின் பாணிக்கு உரியது. வரிசைகள் கூடினாலும் குறைந்தாலும் தானே ஒழுங்காகிக்கொள்ளும். ஆனால் இணைக்கப்பட்ட கட்டங்களை அட்டவணை ஏற்காது. நமக்கோ கட்டங்களை இணைப்பதில் தீராத ஆசை!

வேறு கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். சாதாரணமாக ஒட்டினால் அந்தக் கோப்பின் நிறமும் எழுத்துருவும் சேர்ந்தே வந்து உங்கள் வடிவூட்டத்தின்மேல் ஏறிக்கொள்ளும். நிபந்தனை விதிகளும் துண்டு துண்டாகிப் பெருகும். எக்செலில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ சென்று ‘வேல்யூஸ்’ என்பதையும், கூகள் விரிதாளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘வி’ மூன்றையும் சேர்த்தும் பயன்படுத்தினால் மதிப்பு மட்டுமே வரும்.

நிறத்தைவிட ஆபத்தான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் பட்டியலின் வலப்பக்கத்தில் ஒரு வெற்று நிரலைச் சேர்த்து, ஆசிரியர்கள் தம் கைப்படக் குறிப்பெழுதுகிறார்கள். ‘கண்ணாடி தேவை’, ‘பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறான்’, ‘நிலக்கடலை ஒவ்வாது’. பொறுப்புள்ள ஆசிரியர்தாம் இப்படி எழுதுவார், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு வரிசை மாறும்போது, அந்தக் குறிப்பு தனக்குரிய பெயரோடு போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நிலக்கடலைக் குறிப்பு ஒரு வரிசை பிசகினால் என்ன ஆகும் என்று உணவுத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இத்தகைய குறிப்புகளைத் தனித் தாளில், பிள்ளையின் அடையாள எண்ணோடு சேர்த்து எழுதிவைத்து, ‘எக்ஸ்லுக்கப்’ அல்லது ‘விலுக்கப்’ கொண்டு முதன்மைப் பட்டியலுக்கு வரவழைப்பதே பாதுகாப்பு. ‘விலுக்கப்’ பயன்படுத்தினால் கடைசியில் ‘ஃபால்ஸ்’ என்று இடுவதை மறக்க வேண்டாம்; இல்லாவிட்டால் ஏறத்தாழப் பொருந்தும் வேறொரு பிள்ளையின் குறிப்பைக் கொண்டுவந்து தரும். பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருப்பது நம் பள்ளிகளில் புதிதன்று. தந்தை பெயரும் ஒன்றாக அமைந்த இருவரைக்கூட நான் கண்டிருக்கிறேன்.

அடையாள எண் என்றதும் இன்னொன்று. நம் நாட்டு அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம். அதை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் 1.60312E+11 என்று ஏதோ அறிவியல் கணக்குபோல் காட்டும். தந்தையின் கைப்பேசி எண்ணின் முதல் சுழியம் காணாமற்போகும். இவ்விரண்டு நிரல்களும் தரவு உள்ளே வரும் கட்டத்திலேயே ‘டெக்ஸ்ட்’ வகையாக வரவேண்டும். வந்த பிறகு வடிவத்தை மாற்றினால் போன சுழியம் திரும்பாது.

“ஆசிரியர் பாடம் நடத்துவதா, கணினி வல்லுநராவதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாடம் நடத்தவே நேரம் போதாதவரிடம் இதையும் தலையில் ஏற்றுவது கொடுமைதான். ஆனால் இப்போது நாம் செய்துகொண்டிருப்பது மட்டும் என்ன? ஒவ்வொரு தவணையும் கட்டங்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கிறோம். ஒரு நிபந்தனை விதியை அமைக்கப் பத்து நிமிடம். ஒருமுறை அமைத்தால் அந்த ஆண்டு முழுவதும் தூரிகைக்கு வேலையில்லை. “அப்படியானால் தாளைப் பூட்டிவிடலாமே” என்பது இன்னொரு யோசனை. பூட்டினால் பிறர் கைவைக்க முடியாது. ஏற்கெனவே பிசகிய நிறத்தையும் திருத்த முடியாது. பூட்டியவர் மாற்றலாகிப் போனால் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதுதான்.

எனக்கு வருத்தம் ஆசிரியர்மேல் அதிகமில்லை. வார்ப்புருக்களைத் தயாரித்து மேலிருந்து அனுப்புகிறவர்கள்மேல்தான். தலைப்பில் ஐந்து கட்டங்களை இணைத்து, ஒவ்வோர் அடைவுநிலைக்கும் ‘இந்த நிறத்தைப் பூசவும்’ என்று ஓரத்தில் குறிப்பெழுதி, நிபந்தனை விதி ஒன்றுகூட இல்லாமல் அனுப்பிவைக்கிறார்கள். பார்வையிட வருவோரும் அதே நிறத்தைத்தான் தேடுகிறார்கள். கோப்பு கண்ணுக்கு நிறைவாக இருந்தால் பாராட்டு. உள்ளிருக்கும் பெயரும் நிலையும் பொருந்துகின்றனவா என்று ஓரிரு வரிசையையாவது பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கோப்பைப் பள்ளியின் கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியில் அச்சிட்டால் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல். ‘ஆம்’ என்ற சொல் மட்டும்தான் தாளில் தெரியும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் வேலை உண்டு. சங்கச் சந்தா கட்டியவர்களை மஞ்சளில் குறிக்கும் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. கட்டாதவர் கட்டியவராகவும், கட்டியவர் கடன்காரராகவும் மாறிப் புலனக் குழுவில் பெயர் வெளியான கசப்புகளை நீங்களே அறிவீர்கள். ‘செலுத்திய தேதி’ என ஒரு நிரல் இருந்தால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. பிள்ளையின் முன்னேற்றம் பற்றிப் பேச ஆசிரியரைச் சந்திக்கும்போது, “என் பிள்ளை எந்த நிறத்தில் இருக்கிறான்?” என்று கேட்பதை விட்டு, “எந்த அடைவுநிலை, எந்தத் தேதியில் பதிந்தது?” என்று கேளுங்கள்.

அடுத்த மதிப்பீட்டுப் பதிவுக்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் கோப்பையும் அதன் மூலக் கோப்பையும் படியெடுத்துக்கொள்ளுங்கள்; படியெடுத்த கோப்பு, படியெடுத்த மூலத்திலிருந்தே தரவை எடுக்குமாறு அமைத்துவிடுங்கள். அந்த மூலத்தில், அகரவரிசையில் முதலாவதாக வரும்படி ஒரு பொய்ப் பெயரைச் சேருங்கள். பிறகு பட்டியலைப் புதுப்பியுங்கள். பெயர்கள் இறங்கி நிறமும் குறிப்பும் உடன் இறங்கினால் கோப்பு நலமாக இருக்கிறது. பெயர்கள் மட்டும் இறங்கி நிறம் நின்ற இடத்திலேயே நின்றால், அந்தக் கோப்பை வைத்து எவரையும் குறைநீக்கல் வகுப்புக்கு அழைக்க வேண்டாம். வகுப்பாசிரியரின் பதிவேட்டை எடுத்து, முதலில் பெயர் பெயராக ஒப்பிட்டுப் பாருங்கள்.